புயற்கரைப் படங்களில் இல்லாத பறவைகள்

வடகிழக்குப் பருவமழை வலுத்து, வங்கக் கடலில் முதல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் சமூக ஊடகங்களில் ஒரு வகைப் படம் வலம்வரத் தொடங்கும். ஈயநிற வானம்; கரையை நோக்கிச் சுருண்டு உடையும் அலை; அலை முகட்டுக்குச் சற்று மேலே சிறகை விரித்து நிற்கும் ஓர் ஆலா அல்லது கடற்காகம். படத்தின் கீழே அஞ்சாமை, விடாமுயற்சி, விடுதலை என்று ஏதேனும் ஒரு சொல். பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர், மெரினா என எங்கு எடுத்திருந்தாலும் படத்தின் இலக்கணம் மாறுவதில்லை. பறவை வீரனாகவும் அலை பகைவனாகவும் புயல் அரங்கமாகவும் அமைந்துவிடுகின்றன.

இப்படங்களை எடுப்போரின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. உப்புத்துளி லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். பறக்கும் மணல் கேமராவின் இணைப்புகளுக்குள் புகும். எதிர்க்காற்றில் முக்காலி நிலைகொள்ளாது. இத்தனைக்கும் நடுவே குவியம் தவறாமல் ஒரு பறவையைப் பிடிப்பது எளிய கலையன்று. ஆனால் அந்தப் படத்தைப் பகிரும் கல்விப்புலத்தினர் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. பறவையியல் இன்று அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், 'புயலை வென்ற பறவை' என்ற வாசிப்பு பெரும்பாலும் தலைகீழானது. புயல் நேரத்தில் கரையோரம் காணப்படும் ஆழ்கடற்பறவை, அநேகமாகப் புயலிடம் தோற்ற பறவை. வென்றவை கேமராவுக்கு எட்டாத தொலைவில், கடலின் மேல் இருக்கின்றன.

இந்த வேறுபாடு தடா, சத்தியவேடு, வரதய்யபாளையம் வட்டாரத்துக்கு நெருக்கமானது. அங்கே அமைந்த ஸ்ரீ சிட்டி தொழில்நகராகவே வெளியுலகுக்குத் தெரியும். கிரியா பல்கலைக்கழகமும் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் இருப்பதால் அது மாணவர் நகரமும்கூட. வங்கக் கடல் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. எனினும் கடலைப் பார்க்கப் புறப்படுபவர் முதலில் சென்றடைவது பழவேற்காடு ஏரியைத்தான். சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலை ஏரியின் நடுவே போகிறது. குளிர்காலத்தில் அந்தச் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பூநாரைகளைப் படமெடுப்பவர் ஏராளம். பூநாரைக்கென்றே சூலூர்ப்பேட்டையில் ஒரு திருவிழாவும் நடக்கிறது. பூநாரையும் கூழைக்கடாவும் கடற்பறவைகள் அல்ல. அவை சதுப்பிலும் கழியிலும் மேய்பவை. இருந்தாலும் இவ்வட்டாரத்தில் 'கடற்கரைப் பறவைப் படம்' என்றால் பத்தில் ஒன்பது அவற்றின் படமாகவே இருக்கும்.

தமிழ் மொழியின் சொற்களஞ்சியமும் இதே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. நெய்தல் நிலத்துக் குருகும் நாரையும் அன்றிலும் கழியையும் கானலையும் பனையையும் சார்ந்தவை. கடலுக்குள் போகும் பறவைகளில் ஆலாவுக்கும் கடற்காகத்துக்கும் பரவலாக அறிந்த பெயர் உண்டு. காசுக்கு 'ஆலாய்ப் பறக்கிறான்' என்னும் வழக்கே இந்தப் பறவையிலிருந்து வந்தது என்பாரும் உளர். அவற்றைத் தாண்டி, நிலத்தைப் பாராமலே மாதக்கணக்கில் திரியும் ஷியர்வாட்டர், பெட்ரல், ஃப்ரிகேட் பறவை ஆகியவற்றுக்கு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இல்லை. அண்மைக்காலக் கையேடுகள் ஆக்கித்தந்த சொற்களே உள்ளன. கரையில் வாழும் சமூகம் கண்ணால் காணாததற்குப் பெயரிடாதது இயல்பே. புயல் ஒன்றே அவற்றைச் சில நாழிகை கண்ணுக்குக் காட்டுகிறது.

அப்படிக் காட்டப்படும் பறவைகளின் உடலமைப்பைச் சற்று அறிந்தால் படத்தின் பொருளே மாறிவிடும். சூட்டி டெர்ன் என்னும் முதுகு கறுத்த ஆலா, பறக்கத் தொடங்கிய பின் முதன்முறை இனப்பெருக்கத்துக்குத் திரும்பும்வரை ஆண்டுக்கணக்கில் கடலின் மேலேயே வாழக்கூடியது. அதன் இறகுகள் நீரை நன்கு தடுப்பதில்லை. வாத்துபோல் நீரில் அமர்ந்து இளைப்பாற அதனால் இயலாது. ஃப்ரிகேட் பறவையின் நிலையும் ஏறத்தாழ அதுவே. கடலுக்கு மேலே இரண்டு மாதம்வரை தொடர்ந்து பறந்ததைக் கருவி பொருத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன, ஆனால் நீரில் இறங்கினால் அது மீள்வது கடினம். ஷியர்வாட்டர் நீரில் அமரும், முழுகும். அதன் கால்களோ உடலின் பின்புறம் அமைந்தவை. சமதரையில் விழுந்தால் அதனால் நிமிர்ந்து நடக்க முடியாது. காற்றோ சரிவோ இல்லாமல் எழும்பவும் முடியாது. கடற்கரை மணலில் 'அமைதியாக அமர்ந்து' படத்துக்கு ஒத்துழைக்கும் ஷியர்வாட்டர் உண்மையில் எழ இயலாத பறவை. அதன் சாந்தத்தைப் புகழ்ந்து எழுதப்படும் வரிகள் வாசிக்கச் சங்கடமானவை.

புயலின்போது கடலில் என்ன நிகழ்கிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகள் தெளிவாக்கி வருகின்றன. ஜப்பானின் அவாஷிமாத் தீவில் முட்டையிடும் ஸ்ட்ரீக்டு ஷியர்வாட்டர் பறவைகள் 75-இல் இடங்காட்டும் கருவி பொருத்தி 11 ஆண்டுகள் சேர்த்த தரவு 2022-இல் வெளியாயிற்று. கடும் புயல் நெருங்கும்போது அவற்றுள் சில விலகி ஓடவில்லை; புயலின் கண்ணை நோக்கியே பறந்தன, கண்ணுக்கு 30 கிலோமீட்டர்வரை நெருங்கின. புயலுக்கும் நிலத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட வேளையில்தான் இது மிகுதியாக நடந்தது. கரையை நோக்கி அடிக்கும் காற்றில் சிக்கி நிலத்தில் மோதுவதைவிடப் புயலின் உள்ளே செல்வது பாதுகாப்பு என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 2024-இல் வந்த இன்னோர் ஆய்வு அட்லாண்டிக்கின் டெசர்ட்டாஸ் பெட்ரல்களைப் பற்றியது. கருவி பொருத்திய பறவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கடந்துபோன சூறாவளியின் தடத்தை நாட்கணக்கில் பின்தொடர்ந்தன. புயல் கடலைக் கலக்கி ஆழத்து உயிரிகளை மேலே கொண்டுவருகிறது. பறவைக்கு அது விருந்து.

ஆக, புயலை அறிந்த பறவைக்குக் கரைதான் ஆபத்து. இதன் விளைவு புள்ளியியல் படித்த எந்த மாணவருக்கும் உடனே புரியும். கரையில் நிற்கும் கேமரா எடுக்கும் மாதிரி ஒருபக்கச் சாய்வுடையது. பிழைத்தவரை மட்டும் எண்ணி முடிவுக்கு வரும் பிழையைப் பாடநூல்கள் அடிக்கடி பேசும். இங்கே நிகழ்வது அதன் மறுபுறம். தளர்ந்தவை, இளையவை, வழிதப்பியவை ஆகியவை மட்டுமே சட்டகத்துக்குள் வருகின்றன. அவற்றைக்கொண்டு 'கடற்பறவைகள் புயலை இப்படி எதிர்கொள்கின்றன' என்று எழுதுவது, அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று ஊராரின் உடல்நலத்தை மதிப்பிடுவதற்கு ஒப்பானது. கரையோரம் அன்றாடம் மேயும் உள்ளூர் ஆலாக்களும் கடற்காகங்களும் இதற்கு விலக்கு. அவற்றுக்குக் கரை வீடுபோல. ஆகவே படத்தில் இருப்பது எந்த இனம் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். படங்களில் பாதிக்கு மேல் 'கடற்பறவை' என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுகின்றன.

இனம் அறிவது சில வேளைகளில் ஒரேயொரு கோட்டைப் பொறுத்தது. சூட்டி டெர்னுக்கு நெற்றியின் வெண்மை கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டு டெர்னுக்கு அது மெல்லிய புருவமாகக் கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும். ஒன்றின் கூட்டங்கள் லட்சத்தீவின் பிட்டியில் முட்டையிடுகின்றன. மற்றது கொங்கணக் கரைக்கப்பாலுள்ள வெங்குர்லா பாறைகளில் முட்டையிடுகிறது. இளம் சூட்டி டெர்னோ உடல் முழுதும் கரும்பழுப்பாக, முதுகில் வெண்புள்ளிகளோடு, வேறு இனமோ என ஐயுறவைக்கும். இந்த அடையாளங்கள் தெரிய வேண்டுமானால் பறவையின் தலை பக்கவாட்டில் தெரியும் படம் வேண்டும். முதுகும் சிறகின் அடிப்புறமும் தெரியும் படங்களும் வேண்டும். இன்றைய கேமரா நொடிக்கு 20, 30 படங்கள் எடுக்கிறது. அவற்றுள் சிறகு முழுக்க உயர்ந்து அலை பின்னணியில் வெடிக்கும் ஒரு படம் வெளியிடப்படுகிறது, மீதி அழிக்கப்படுகின்றன. இனத்தையும் வயதையும் இறகுதிர்ப்பின் நிலையையும் சொல்லக்கூடிய சான்று பலநேரம் அந்த அழிந்த படங்களில்தான் இருந்திருக்கும்.

டெலி லென்ஸ் செய்யும் வேலையும் கவனிக்கத்தக்கது. 600 மில்லிமீட்டர் லென்ஸோடு தொலைவில் தாழ்ந்து படுத்து எடுக்கும்போது பின்னணி அலை பறவையின் முதுகின்மேல் கவிழ்வதுபோல் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் நடுவே நெடுந்தொலைவு இருந்திருக்கலாம். அத்தகைய படத்திலிருந்து அலையின் உயரத்தை ஊகிப்பது வீண். அலையின் உயரத்தை ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் மிதவைகள் அளக்கின்றன. அந்த அளவு பொதுவெளியில் கிடைக்கிறது. படத்தோடு அதைச் சேர்த்துத் தருவோர் அரிது. ஷட்டரை மெதுவாக்கி அலையைப் பனிபோல் கரையவிடும் படங்களுக்கு அழகியல் மதிப்பு உண்டு; அவற்றைச் சான்றென்று யாரும் கோருவதில்லை என்பதால் அவற்றோடு சண்டை இல்லை. வானத்தை மாற்றுவதும், இல்லாத நுரையை மென்பொருளால் சேர்ப்பதும் இப்போது ஒரு விரல்தட்டில் முடிகிறது. ஆகவே திருத்தப்படாத மூலக்கோப்பு முன்னெப்போதையும்விட இன்று மதிப்புடையது. கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தால், அந்தக் கோப்பு நிமிடக்கணக்கில் நேரத்தைச் சொல்லும்.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்பதற்குக் காற்றின் திசையைக் கவனித்தால் போதும். வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்கிலிருந்து வந்து சோழமண்டலக் கரையை ஏறும் புயலுக்கு வடக்கே இருக்கும் கடற்கரையில் காற்று கடலிலிருந்து நிலம் நோக்கி அடிக்கும்; தெற்கே இருக்கும் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரைகடந்த வர்தாவும், 2022 டிசம்பர் 9 இரவில் மாமல்லபுரம் அருகே கரையேறத் தொடங்கிய மாண்டஸும் பழவேற்காட்டுக்குத் தெற்கே நிலத்தைத் தொட்டவை. அவ்விரண்டின்போதும் பழவேற்காடும் ஸ்ரீஹரிகோட்டாவும் கடல்காற்று நிலத்தில் மோதும் பக்கத்தில் இருந்தன. 2023-இன் மிக்ஜாம் வேறு மாதிரி. டிசம்பர் 3, 4 நாட்களில் சென்னைக்கும் நெல்லூருக்கும் கிழக்கே கரைக்கு இணையாக வடக்கு நோக்கி ஊர்ந்து, 5-ஆம் நாள் பாபட்லா அருகே கரைகடந்தது. அது வடக்கே நகர நகரப் பழவேற்காட்டுக் கரையில் காற்று வாடையாகத் தொடங்கி மேற்கே திரும்பும். மீனவர் கணக்கில் கச்சான். 3-ஆம் நாள் எடுத்த படத்தில் இருக்கும் பறவை கரைக்குத் தள்ளப்படுவது; 5-ஆம் நாள் படத்தில் இருப்பது கடலுக்குத் திரும்பிக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் 'மிக்ஜாம்' என்ற ஒரே குறிச்சொல்லை இட்டு, நாளையும் மணியையும் விட்டுவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. மீனவர்கள் கொண்டல், வாடை, கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பது பேச்சழகுக்காக அன்று. அந்தச் சொல்லில் ஒன்றையாவது படக்குறிப்பில் எழுதலாம்.

இனி, எங்கே நின்று எடுப்பது என்ற கேள்வி. ஸ்ரீஹரிகோட்டாவின் கடற்பக்கக் கரை சதீஷ் தவான் விண்வெளி மையத்துக்கு உட்பட்டது; பொதுமக்கள் அங்கே போக இயலாது. பாதுகாப்புக் காரணங்கள் நியாயமானவை. அந்தத் தடையால் கரைக்காடு தப்பியிருப்பதும் உண்மை. ஆனால் பறவைப் பதிவுகளின் வரைபடத்தில் அந்த நீண்ட கரை ஓர் இடைவெளியாகிறது. பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தருகே புள்ளிகள் குவிகின்றன. தீவின் வெளிக்கரை வெறுமையாகத் தெரிகிறது. இ-பேர்டு போன்ற பொதுத்தளங்களின் தரவைக்கொண்டு பரவல் மாதிரிகள் செய்யும் மாணவர்கள், அந்த வெறுமையைப் 'பறவை இல்லை' என்று தங்கள் கணினி படித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வரைபடம் காட்டுவது, பறவை எங்கே இருந்தது என்பதோடு சேர்த்து, மனிதர் எங்கே நிற்க முடிந்தது என்பதையும்தான். விண்வெளி மையத்தின் குடியிருப்பில் பறவை நோக்குபவர்கள் இருப்பின், விதிகளுக்கு உட்பட்டு அவர்கள் தரும் பத்துப் பட்டியல்கள் மெரினாவின் ஆயிரம் படங்களைவிட அறிவுக்குப் பயன்படும்.

இன்னொரு இடம் இருக்கிறது. அது கடற்கரையே அன்று. கரையேறிய புயல் பறவைகளைத் தன்னோடு உள்நாட்டுக்கும் இழுத்துவருகிறது. 2020 மே 20 அன்று மேற்கு வங்கத்தில் கரைகடந்த அம்பன் புயலுக்குப் பின், கடலிலிருந்து தொலைவான உள்நாட்டு இடங்களிலும் சூட்டி டெர்ன்கள் பதிவாயின. நீரைக் கண்டால் இறங்கிச் சுற்றுவது அவற்றின் இயல்பு. அது ஏரியா கடலா என்பதை அறிய அவற்றுக்கு நேரமில்லை. அப்படியானால் சத்தியவேடு, வரதய்யபாளையம் ஏரிகளும், பிச்சாட்டூரில் ஆரணியாற்றின் குறுக்கே உள்ள நீர்த்தேக்கமும், ஸ்ரீ சிட்டி வளாகத்தின் குட்டைகளும்கூட, தெற்கே ஒரு புயல் கரைகடந்த மறுநாள் காலையில் கவனிக்க வேண்டிய இடங்களாகின்றன. விடுதியிலிருந்து நடந்தே போகலாம். அலை இராது, ஆகவே படம் பரபரப்பாக இராது. ஒரு மணி நேரம் பார்த்தும் வழக்கமான கொக்கும் நீர்க்காகமும் தவிர எதுவும் இல்லையென்றால், அந்த 'இல்லை'யையும் முழுப்பட்டியலாகப் பதிய வேண்டும். கண்டதை மட்டும் பதிந்து காணாததை விட்டால், எந்தப் புயல் பறவைகளைக் கொண்டுவந்தது, எது கொண்டுவரவில்லை என்று பத்தாண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது.

அழகான படத்தைவிட அழகற்ற படம் அறிவுக்கு உதவியதற்கு வலுவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிடைக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு குடிமக்கள் அறிவியல் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாதந்தோறும் தமக்கென ஒதுக்கப்பட்ட கடற்கரையில் நடக்கிறார்கள். இறந்து ஒதுங்கிய பறவையின் காலையும் அலகையும் சிறகையும் அளக்கிறார்கள். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுக்கிறார்கள். அந்தப் படங்களை யாரும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டமாட்டார்கள். 2015 கோடை முதல் 2016 வசந்தம்வரை கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்காவரை காமன் மர் என்னும் கடற்பறவைகள் ஏறத்தாழ 62,000 கரையொதுங்கியதை இத்தகைய கணக்கெடுப்புகளே வெளிக்கொணர்ந்தன. கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடைந்து இரைமீன் குறைந்ததே அதற்குக் காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் 2014-இன் தொடக்கத்துப் புயல்களுக்குப் பின் 50,000-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்து ஒதுங்கிய கணக்கும் கரைநடையால் வந்ததே. மாதாமாதம் நடந்தவர்கள் இருந்ததால்தான் 'வழக்கத்துக்கு மாறானது' என்று சொல்ல முடிந்தது.

நம் கரையில் இதற்கு நிகரான சான்று ஒன்று உண்டு. அதுவும் ஒரு புயலோடு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. மார்பும் சிறகும் கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது, வெப்பத்தைக் காக்காது, பறவை அலகால் தன்னைக் கோதிக்கொள்ளும்போது நஞ்சு உள்ளே போகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு செய்திகளின் அடிப்படையில் தானாகவே வழக்கை எடுத்தது. எண்ணூர் மீனவர் படகிலும் வலையிலும் படிந்த எண்ணெயை ஊர்மக்கள் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நகரத்தின் கவனத்தை இழுத்தது கூழைக்கடாவின் கறைபடிந்த மார்பு. மனிதரின் சொல்லைவிடப் பறவையின் படத்துக்குச் செவி கிடைத்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் படத்தின் ஆற்றல் அங்கே ஐயமின்றித் தெரிந்தது. இடமும் நாளும் தெளிவாக இருந்ததால் அந்தப் படங்கள் சாட்சியாயின. அதே வாரத்தில் அதே கடற்கரையில் எடுக்கப்பட்ட அலைப்படங்கள் ஏராளம். அவற்றால் எதையும் நிறுவ முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படும். அழகுதான் மனிதரைப் பறவையிடம் அழைத்துவருகிறது. அளவுகோலோடு எடுத்த பிணப்படம் யாரையும் அழைத்துவராது என்பார்கள். நியாயமான வாதம். பழவேற்காட்டுக்கு முதன்முதலாக வரும் மாணவர் இனம் பிரிக்க வருவதில்லை. பூநாரையின் நிறத்துக்காக வருகிறார். ஆனால் அழகு அழைத்துவந்த பின் என்ன நடக்கிறது என்பதும் கண்கூடு. நின்று மேயும் பூநாரைக் கூட்டத்தின் சிறகுச் சிவப்பு பறக்கும்போதே முழுமையாகத் தெரியும் என்பதால், படகை நெருக்கியும் கைதட்டியும் கூட்டத்தைக் கிளப்பும் பழக்கம் வந்துவிட்டது. கிளம்பும் ஒவ்வொரு முறையும் பறவை மேய்ச்சல் நேரத்தையும் சேமித்த ஆற்றலையும் இழக்கிறது. ஏரியின் பெரும்பகுதி பறவைகள் சரணாலயம்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் படமெடுக்கச் செல்வதும் அனுமதிக்கு உட்பட்டதே. புயலில் தளர்ந்து மணலில் இறங்கிய ஆலாவைப் பறக்கவைத்துப் படமெடுப்பது இதைவிடக் கொடிது. பூநாரை சற்றுத் தள்ளி மீண்டும் இறங்கி மேயும். பல நாள் பட்டினியோடு வந்த பறவைக்கு அடுத்த பறத்தலுக்கு வலு இருக்காது. தொலைவிலிருந்து எடுத்த நான்கு படங்கள் இனம் அறியப் போதும். பறவை நகரவே இல்லையென்றால் கேமராவை வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அதுவரை காற்றுத்துளையிட்ட இருட்டான அட்டைப்பெட்டியில் வைப்பதே உதவி. வாயில் தண்ணீர் ஊற்றுவதும், 'பறந்து போ' என்று அலைக்கு மேலே தூக்கி எறிவதும் நல்லெண்ணத்தால் செய்யப்படும் கொலைகள்.

மனித உயிரைப் பற்றியும் ஒரு சொல். துறைமுகத்தில் 10-ஆம் எண் கூண்டு ஏற்றிய பொழுதில் கடற்கரையில் முக்காலி நடுவதை வீரம் என்று எந்த ஆசிரியரும் பாராட்டக் கூடாது. 1984 நவம்பர் 14 அன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே கரைகடந்த புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இந்தக் கரைக்கு அது பழங்கதை அன்று. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து, புயல் இல்லாத நாளிலேயே படகுகள் கவிழ்வதுண்டு. வெளியூர்க் கேமராக்காரரைக் காப்பாற்ற அந்த அலைக்குள் படகை இறக்கப்போவதும் உள்ளூர் மீனவரே. நல்லவேளையாக, அறிவியலுக்கு வேண்டிய படம் புயலின் உச்சத்தில் கிடைப்பதன்று. தள்ளப்பட்ட பறவைகள் கரையிலும் ஏரியிலும் தெரிவது பெரும்பாலும் காற்று தணிந்த முதல் இரண்டு நாட்களில்தான்.

அந்த நாட்களில் மீனவர்களிடம் கேட்பதும் பதிவின் ஒரு பகுதி. மீன்கூட்டத்தின் மேலே ஆலாக்கள் சுழல்வதைப் பார்த்து வலை இறக்குபவர்கள் அவர்கள். எந்தப் பறவை வழக்கமானது, எது புதிது என்று கடலுக்குள் வைத்தே அறிந்தவர்கள். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் 'பாடு' ஒழுங்கைப் பற்றிச் சமூகவியலாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பறவைகளைப் பற்றிய அவர்களது அறிவும் அதே கவனத்துக்கு உரியது. புயலுக்குப் பின் படகு முதன்முறை வெளியே போகும் நாளில் அவர்கள் கைப்பேசியில் எடுக்கும் மங்கலான படம், கரையில் நிற்கும் எந்தப் பெரிய லென்ஸுக்கும் எட்டாத கடலைக் காட்டும். புயலைக் கடந்து பிழைத்த பறவை தெரிய வாய்ப்புள்ள படம் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்ரீ சிட்டியின் இரு கல்வி நிலையங்களிலும் தரவு அறிவியல் கற்பிக்கப்படுகிறது. சென்னையிலோ 1988 முதல் மாணவர்களின் ஆமை நடை நடந்துவருகிறது. ஜனவரி தொடங்கிச் சில மாதங்கள், இரவெல்லாம் மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காப்பவர்கள், வழியில் இறந்து கிடக்கும் ஆமைகளையும் எண்ணுகிறார்கள். நடக்கும் பழக்கமும் எண்ணும் பழக்கமும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. அந்த நடையை நவம்பரிலேயே தொடங்கலாம். பழவேற்காட்டுக் கரையில் ஐந்து கிலோமீட்டருக்கு, ஒவ்வொரு புயலுக்கு முன்பும் பின்பும் பகலில் ஒருமுறை. பையில் ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு, கைப்பேசி. குறிப்பேட்டில் நாள், மணி, காற்றின் திசை, நடந்த தொலைவு, உயிரோடு கண்டவை, இறந்து கண்டவை, எதுவும் காணாத கிலோமீட்டர்கள். இரண்டு பேராசிரியர்களும் பத்து மாணவர்களும் இருந்தால் வருகிற பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.